படிவத்தின் பதினோராவது கேள்வி

காலை ஏழு பத்து. இரத்தம் எடுக்கும் அறைக்குள் நான் நுழைந்தபோது முதலில் தெரிந்தது ஒரு முழம் மல்லிகை. அது கூந்தலில் இல்லை. கறுப்புத் துணித் தொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு ஊக்குகளால் குத்தப்பட்டிருந்தது. தொப்பிக்கு உரியவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிப் பெண்மணிக்கு ஊசிக்குப் பயப்படாமல் இருப்பது எப்படி என்று தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி குஜராத்தி. மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தொப்பிக்காரர் ஜைனம்பு ராத்தா. தாராவி லேபர் கேம்பில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. கீழே ஆறு தையல் இயந்திரங்கள் ஓடும் பட்டறை, தோல் பைகளுக்கு உள்துணி தைப்பது, மேலே குடித்தனம். ராத்தா என்றால் அவர்கள் வீட்டுப் பேச்சில் அக்கா. லேபர் கேம்பில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான், அவரைவிட ஆறு வயது மூத்த எனக்கும்.

"வாங்க அண்ணாச்சி. ஊசி புதுசுதான?"

"புதுசு. உங்க முன்னாலதான் உறையைப் பிரிக்கேன்."

"ஊசி புதுசு, சரி. குத்துத ஆளு பழசுல்லா, அதான் கேட்டேன்."

ஐந்து முறை மருந்து ஏறிய கை. நரம்பு ஒளிந்துகொள்ளும். இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. மஞ்சள் மூடிக் குழாய், மூன்றரை மில்லி. பெயரையும் வயதையும் ஒட்டி அவருக்கு ஒரு முறை வாசித்துக் காட்டினேன். அது எங்கள் ஆய்வுக்கூடத்தின் விதி. "பேரு சரி. வயசுல ரெண்டு குறைச்சுக்கிடப்படாதா?" என்றார். அதையும் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

இதை இப்போது எழுதக் காரணம், சென்ற மாதம் பழைய ஆய்வுக்கூடத்துக்கு ஒரு விருந்துக்குப் போனேன். என்னோடு வேலை பார்த்த சாவந்துக்கு என்னுடைய பழைய நாற்காலி கிடைத்திருக்கிறது. கேக் வெட்டிய பிறகு புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் நிரப்பும் படிவத்தில் பதினோராவதாக ஒரு கேள்வி இருக்கிறது: முடி, நகம், தோல் ஆகியவற்றுக்காக மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா? எத்தனை? கடைசியாக எப்போது? புற்றுநோய்க்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்களாம். சிலர் கோபித்துக்கொள்கிறார்களாம். இனிமேல் படிவம் காகிதத்தில் இல்லை, செல்போனில். செல்போன் திரையில் பத்துக் கேள்விக்குத்தான் இடமாம். "அங்கிள், இந்தக் கேள்வியை யார் போட்டது? எடுத்துடலாமா?" என்று கேட்டார்கள். சாவந்த் மட்டும் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும்.

கேள்வியைப் போட்டது நான். போட வைத்தது டாக்டர் வைதேகி. காரணம் அந்த ஏழு பத்துக் குழாய்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: தாராவியில் அச்சான ஒரு தமிழ் நாளிதழில் இரண்டு வருஷம் மெய்ப்புப் பார்த்தேன். பிறகு மாலை வகுப்பில் லேப் டெக்னீஷியன் படிப்பு. பிறகு செம்பூரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையை ஒட்டிய இரத்த ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம். முதலில் பிழை பார்க்கக் கற்றேன், பிறகு ஊசி குத்தக் கற்றேன். இரண்டு வேலையிலும் எதிரே இருப்பவர் முகம் சுளிப்பார். பத்திரிகையிலிருந்து நான் கொண்டுவந்தவை இரண்டு: எதையும் மணி குறித்து ஞாபகம் வைப்பது, பொடி எழுத்தையும் விடாமல் படிப்பது. இரண்டாவதைப் பற்றி நிறையப் பெருமை அடித்திருக்கிறேன். அது எங்கே போய் முடிந்தது என்று பின்னால் வரும்.

டாக்டர் வைதேகி எங்கள் தலைவி. மாட்டுங்காவில் எந்தக் கட்டடத்தில் பிறந்தாரோ, ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே குடியிருப்பவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மனநிலை நன்றாக இருந்தால் என்னை "ராஜமணி" என்பார், இல்லாவிட்டால் "மிஸ்டர் ராஜமணி." அந்த மிஸ்டர் ஒன்றுக்குத்தான் முப்பது பேர் பயந்தோம். மதியம் பன்னிரண்டு நாற்பதுக்குத் தயிர்சாதம். பன்னிரண்டு நாற்பதுக்கு இயந்திரம் தீப்பிடித்தாலும் ஒன்று பத்துக்குத்தான் அணைப்பார் என்று சாவந்த் சொல்வான்.

அவரிடம் ஒரு பென்சிலும் ஒரு பேனாவும் இருந்தன. இயந்திரம் சொல்லும் எண்கள் கணினிக்குத் தானே போய்விடும் காலத்திலும், புற்றுநோய்க் குறியீடுகளுக்கு மட்டும் ஒரு நீளப் பதிவேடு வைத்திருந்தார். போன எண்ணோடு ஒத்துப் போகாத எண் வந்தால் பென்சிலால் எழுதுவார். மறுநாள் காலையில் அதே இரத்தத்தை நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். விடை ஒத்துவந்தால் பேனாவால் மேலே எழுதுவார். பென்சிலில் இருக்கும் எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது, நோயாளிக்கும் கூடாது, அவருடைய டாக்டருக்கும் கூடாது. நீர்த்துப் பார்ப்பதை நாங்கள் தண்ணி ஊத்துவது என்போம். ஊற்றுவது தண்ணீர் அல்ல, அதற்கென்று ஒரு திரவம் உண்டு. ஒழுங்கான இரத்தத்தைப் பத்து மடங்கு நீர்த்தால் எண் பத்தில் ஒன்றாகும். பத்தால் பெருக்கினால் பழைய எண் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் குழாய்க்குள் ஏதோ கலாட்டா.

நாங்கள் சலித்துக்கொள்வோம். ஒருமுறை சாவந்தே கேட்டுவிட்டான், எண் ஏறினால் சந்தேகப்படலாம், இறங்கினால் எதற்கு என்று. டாக்டர் தமிழில் எனக்குச் சொல்லி அவனுக்கு இந்தியில் சொல்லச் சொன்னார்: "கெட்டதா வந்தா பேஷன்ட்டே நம்பமாட்டா. வேற லேபுக்குப் போய் இன்னொரு தரம் எடுப்பா. நல்லதா வந்தா யார் திரும்ப எடுக்கப்போறா? அதை நாமதானே பார்க்கணும்?"

எண் ஏன் மாறியது என்று தெரியாவிட்டால் வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார். குடல் அறுவை முடிந்து மூன்று வருஷமாக நன்றாக இருந்த ஒருவர். டிராம்பே பக்கம் ஆலை ஒன்றில் வேலை. சி.இ.ஏ. என்கிற குறியீடு அவருக்கு இரண்டிலேயே நின்றுகொண்டிருந்தது. திடீரென்று ஐந்து. தண்ணி ஊத்தியும் ஐந்து. நோய் திரும்பினால் அது ஏறும். புகை பிடித்தாலும் கொஞ்சம் ஏறும். டாக்டர் போன் போட்டார். மனைவி எடுத்தார்.

"உங்க ஆத்துக்காரர் பீடி பிடிக்கறாரா?"

"அதெல்லாம் ஆபரேஷனோட விட்டுட்டாரும்மா."

"அவரையே கூப்பிடுங்கோ."

அவர் வந்தார். இந்தப் பக்கம் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு மனைவியின் குரல் மட்டும் கேட்டது, மூன்று நிமிஷம். டாக்டர் போனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டு, பதிவேட்டில் 'பீடி' என்று எழுதினார். ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். ஒன்றுமில்லை. இரண்டு மாதம் கழித்து எண் மறுபடி இரண்டுக்கு வந்தது. அந்த மனிதர் அதற்கப்புறம் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

இனி ஏழு பத்துக் குழாய்.

ராத்தாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். அதற்குப் பார்க்கும் குறியீடு சி.ஏ. 125. முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் சாதாரணம். அதை மட்டும் வைத்து நோய் உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வயிற்றில் காசநோய் இருந்தாலும் ஏறும். ஆனால் நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, மருந்து கேட்கிறதா என்று பார்க்க நல்ல சாட்சி. ராத்தாவுக்கு அறுவைக்கு முன் 1180. அறுவைக்குப் பின் 340. மருந்து ஏற ஏற 212, 150. அதற்கடுத்து 131, 128. அதாவது இறங்கிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் ஸ்கேன் எடுத்துவிட்டு மருந்தை மாற்றுவதாக அவருடைய டாக்டர் சொல்லியிருந்தார்.

ராத்தாவின் கவலை வேறு. மகள் ஷமீமாவுக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, தென்காசிப் பக்கம். தாதரிலிருந்து திருநெல்வேலி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. போனால் மூன்று மாதம் அங்கேயே இருந்து, மருமகனை ஒரு கை பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். ஆனால் தலையில் முடி இல்லை. இரண்டாவது முறை மருந்து ஏறியதோடு எல்லாம் கொட்டிவிட்டது.

இந்தக் குழாய்க்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு வாசலில் என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி வந்தேன்.

"அண்ணாச்சி என்னத்த இவ்வளவு நேரம் துவட்டுதிய? அங்க துவட்டதுக்கு என்ன கெடக்கு?"

"உங்களுக்கு மட்டும் என்ன வாழுது ராத்தா?"

"எனக்கு மருந்துல போச்சு. ஒங்களுக்கு எதுல போச்சு?"

என் மனைவி சிரித்ததில் கையிலிருந்த முருங்கைக்கீரை சிந்தியது. பிறகு ராத்தா குரலைத் தாழ்த்தி, கல்யாணத்துக்குள் கொஞ்சமாவது முளைக்குமா என்று கேட்டார். முக்காட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். "முக்காட்டுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமே அண்ணாச்சி" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது. எட்டு மாதமாக நான் முடிக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டுவந்தேன். பயோட்டின் என்ற வைட்டமின், பத்து மில்லிகிராம். மாட்டுங்காவில் ஒரு கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்தது. கூடத்தில் தெரிந்தால் சாவந்த் என்னை வாழவிடமாட்டான். அதனால் சீசாவைக் கையுறைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது. மறுநாள் ஒரு புதுச் சீசா வாங்கி ராத்தாவிடம் கொடுத்தேன். வைட்டமின்தான், கெடுதல் இல்லை, காலையில் ஒன்று போதும் என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆஸ்பத்திரியில் வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று ராத்தாவிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறார். "மருந்தத்தான கேட்டாவ, வைட்டமினக் கேக்கலயே" என்று பின்னால் எனக்கு விளக்கினார்.

அன்று காலை எடுத்த குழாய் அரைமணி உறைந்து, பத்து நிமிஷம் சுழன்று, இயந்திரத்தில் ஏறியது. ஒன்பது நாற்பத்தைந்துக்குத் திரையில் எண் வந்தது. பதினாலு.

அந்த வாரம் டாக்டர் வைதேகி இல்லை. புனேயில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நாட்களில் ரிப்போர்ட்டை அனுப்பும் அதிகாரம் எனக்கு. பதிவேட்டில் பென்சிலால் 14 என்று எழுதினேன். அதுவரை ஒழுங்கு. 128-லிருந்து 14 என்பது நம்ப முடியாத இறக்கம். தண்ணி ஊத்திப் பார்க்க வேண்டியது என் வேலை. 212 வந்தபோதும் 131 வந்தபோதும் அதை இரண்டு முறை செய்தேன், ஒருவேளை குறையுமோ என்று. பதினாலுக்குச் செய்யவில்லை. பத்து ஐம்பதுக்கு ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு, சாயங்காலம் ஆறரைக்குப் பட்டறை வாசலில் நின்று அந்த எண்ணை நானே சொன்னேன். ஆறு இயந்திரங்களும் ஒரே நேரத்தில் நின்றன. ராத்தா உள்ளே போய் ஒரு டப்பா அல்வாவோடு வந்தார். நான் இரண்டு துண்டு தின்றேன்.

அவருடைய டாக்டரும் சந்தோஷப்பட்டார். மருந்து தாமதமாகக் கேட்டிருக்கிறது, ஆறாவதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஸ்கேனை ஊரிலிருந்து வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஆறாவது மருந்து இரண்டே நாளில் ஏறியது. ரயில் அடுத்த வியாழக்கிழமை.

செவ்வாய்க்கிழமை இயந்திரத்துக்குப் புதுச் சோதனைத் திரவப் பெட்டி வந்தது. எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம்: புதுப் பெட்டி பிரித்தால் ஊழியர்களில் இரண்டு பேர் சொந்த இரத்தத்தைக் கொடுக்க வேண்டும். ஆரோக்கியமான ஆளுக்கு ஆரோக்கியமான எண் வருகிறதா என்று பார்ப்பதற்கு. அன்று என் முறை. கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் பதிவேட்டு அறையில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். ஒன்று பதினைந்துக்குச் சாவந்த் எழுப்பினான்.

"அண்ணா, உட்டோ. ஆப்கா தைராய்ட் பாகல் ஹோ கயா."

எழுந்திருங்கள், உங்கள் தைராய்டுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றான். அவன் சொன்னது சரி. என் எண்களின்படி தைராய்டு சுரப்பி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஆள் இளைத்திருப்பான், கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. நான் எண்பத்திரண்டு கிலோ. எழுப்ப வேண்டியிருந்தது.

முந்தின நாள்தான் திரும்பியிருந்த டாக்டர் என்னை எதிரில் உட்கார வைத்தார். தயிர்சாத டப்பா மூடி இன்னும் மேஜையில் இருந்தது.

"ராஜமணி, என்ன சாப்பிடறேள்?"

"எப்பவும் சாப்பிடறதுதான் மேடம்."

"மாத்திரை?"

"பிரஷருக்கு ஒண்ணு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

"மிஸ்டர் ராஜமணி, வேற?"

கையுறைப் பெட்டியை எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். சாவந்த் கதவருகே நின்றிருந்தான். டாக்டர் சீசாவைப் படித்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். மறுபடி சீசாவைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"எட்டு மாசமா."

"ஒண்ணும் தெரியலையே."

சாவந்த் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான். டாக்டர் புதுப் பெட்டியிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து விரித்தார். ஒவ்வொரு பெட்டியிலும் வரும், பொடி எழுத்தில் நாலு பக்கம். ஓர் இடத்தில் விரலை வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். அதிக அளவில் பயோட்டின் சாப்பிடுகிறவர்களிடம் கடைசி மாத்திரைக்குப் பிறகு எட்டு மணி நேரமாவது கழித்துத்தான் இரத்தம் எடுக்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் இயந்திரம் அதே பயோட்டினைத்தான் கொக்கியாகப் பயன்படுத்துகிறது. தேடும் பொருளைக் கொக்கியில் மாட்டி இழுத்து எண்ணும். இரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைய மிதந்தால் கொக்கி மாட்டும் இடங்களை எல்லாம் அது பிடித்துக்கொள்ளும். தேடிய பொருள் கழுவிக்கொண்டு போய்விடும். சில சோதனைகளில் எண் பொய்யாக ஏறும். புற்றுநோய்க் குறியீடுகளில் பொய்யாக இறங்கும்.

அந்தக் காகிதத்தைப் பல வருஷமாக நான்தான் பிரித்து, நான்தான் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தேன். படித்ததில்லை.

டாக்டர் கேட்டார்: "இதை வேற யாருக்காவது குடுத்தேளா?"

எனக்கு அல்வா ஞாபகம் வந்தது.

எழுந்து போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து, பென்சிலில் இருந்த 14-ஐக் காட்டினேன். அவர் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணி ஊத்தினீர்களா என்று கேட்கவில்லை. அந்த வரியில் பேனா இல்லை, ரிப்போர்ட் போயிருந்தது. கேட்க ஒன்றும் இல்லை.

இரத்தக் குழாய்களை ஏழு நாள் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்போம். ராத்தாவின் குழாய்க்கு அன்று ஆறாவது நாள். எடுத்தோம். டாக்டர் என் பக்கத்திலேயே நின்றார், நான் நீர்த்தேன். நீர்க்க நீர்க்க மிதக்கும் பயோட்டினும் குறைந்து, கொக்கிக்கு இடம் கிடைக்கும். பெருக்கிப் பார்த்த எண்கள், ஐந்து மடங்கு: 195. பத்து மடங்கு: 260. இருபது மடங்கு: 266. மீதி இருந்த அரை மில்லியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, குர்லாவில் வண்டி மாறி சயன் போனேன். அங்கே ஒரு கூடத்தில் வேறு முறையில் ஓடும் இயந்திரம் இருந்தது. அதற்கு இந்தக் கொக்கி கிடையாது. ஐந்து பத்துக்கு விடை சொன்னார்கள். 271.

டாக்டர் வைதேகி, ராத்தாவின் டாக்டருக்குப் போன் செய்து, தவறு எங்கள் கூடத்துடையது என்று சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. ராத்தாவின் டாக்டர் மறுநாள் காலையிலேயே ஸ்கேனுக்கு நேரம் கொடுத்தார். "பேஷன்ட்கிட்ட நான் பேசவா?" என்று டாக்டர் வைதேகி என்னைக் கேட்டார். நானே போகிறேன் என்றேன். "சரி. எதையும் குறைச்சுச் சொல்லாதீங்கோ" என்றார்.

ஆறு இருபதுக்குப் பட்டறைக்குப் போனேன். வாசலில் இரண்டு பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. மூன்றாவதின் மேல் ஷமீமா உட்கார்ந்து, அவள் கனத்தில் அதை மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. ஊருலேருந்து ஒங்களுக்கு என்ன வேணும்? சீப்பு வாங்கியாரவா?"

உட்கார்ந்துதான் சொன்னேன். என் மாத்திரையில் தொடங்கி 271 வரை. தண்ணி ஊத்தாமல் அனுப்பியதையும் சொன்னேன். தையல்காரர்களை ராத்தா கையசைத்து வெளியே அனுப்பினார். பிறகு கேட்டார்.

"அப்ப அந்தப் பதினாலு?"

"அது உங்க எண்ணு இல்லை ராத்தா. மாத்திரையோட எண்ணு."

"ஒண்ணுதான் போடச் சொன்னிய. நான் மூணு போட்டேன், ரத்தம் குடுக்க வந்த அன்னிக்கும். சீக்கிரம் வளரும்னு."

"நான் உங்ககிட்ட குடுத்திருக்கவே கூடாது."

"குடுக்காட்டா நான் பார்லர்க்காரிகிட்ட வாங்கியிருப்பேன். அவ நாலு போடச் சொல்லியிருப்பா." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இந்த நோவு கூடிக்கிட்டு இருக்கு. நான் ஊருல போய் மூணு மாசம் பிரியாணி தின்னுக்கிட்டு இருந்திருப்பேன். அதான?"

"ஆமா."

ஷமீமா பெட்டியை விட்டு இறங்கிவிட்டாள். "நிக்காஹ் தள்ளி வச்சுக்கலாம் உம்மா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

"நீ சும்மா கெட. ஒனக்கு இல்ல, எனக்கு இருக்கு." ராத்தா போனை எடுத்தார். சம்பந்தியை அழைத்து, கல்யாணம் மும்பையில், அதே தேதியில், பெண் வீட்டாருக்கு வசதிப்படவில்லை, மாப்பிள்ளை வீட்டார்தான் ரயில் ஏற வேண்டும் என்று சொன்னார். காரணம் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் ஏதோ மறுத்துப் பேசியது. "மாப்பிள்ள கடலு பாத்திருக்காரா? இல்லல்லா? வந்து பாக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, கல்யாணத்தன்னிக்கு மூணு பந்திக்கும் நீங்கதான் விளம்பணும். உக்காந்து திங்கப்படாது."

விளம்பினேன். மூன்று பந்தி, லேபர் கேம்பில் ஒரு சிறு மண்டபம். அதற்குள் ஸ்கேனில் கல்லீரலுக்குப் பக்கத்தில் இரண்டு முடிச்சுகள் தெரிந்து, மருந்து மாறி, முதல் முறை ஏறியும் இருந்தது. கல்யாணத்தன்று ராத்தா மணமேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பந்தியிலும் யாருக்குக் கறி குறைவாக விழுந்தது என்று எனக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தண்டனை இரண்டு. ஒன்று, மடித்த காகிதம் நாலு பக்கத்தையும் கூடத்து ஊழியர் எல்லோர் முன்னாலும் நின்று உரக்கப் படிக்க வேண்டும். ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. டாக்டர் கடைசி வரை உட்கார்ந்து கேட்டார். இரண்டு, படிவத்துக்கு ஒரு புதுக் கேள்வி, ஆங்கிலம், மராத்தி, இந்தி, தமிழ் நான்கிலும் நானே எழுதி, நானே மெய்ப்புப் பார்க்க வேண்டும். 'வைட்டமின்' என்று போடாமல் முடி, நகம், தோல் என்று போட்டது என் யோசனை. மருந்தா என்று கேட்டால் இல்லை என்பார்கள். வைட்டமினா என்று கேட்டால் யோசிப்பார்கள். முடிக்கா என்று கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டே உண்மையைச் சொல்வார்கள். என் அனுபவம் அது. மிஸ்டர் மட்டும் மூன்று மாதம் நீடித்தது.

புது மருந்து கேட்டது. மாத்திரை நிறுத்திய பிறகு எடுத்த எண்கள்: 274, 240, 188, 90, 41. அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் எண்ணைச் சொன்னதும் ராத்தா கேட்பார்: "இது தண்ணி ஊத்தினதா, ஊத்தாததா?" ஊத்தினது என்றால்தான் பையை எடுத்துக்கொண்டு எழுவார். சாவந்துக்கும் அந்த ஒரு வாக்கியத் தமிழ் வந்துவிட்டது. அவர் படியேறும்போதே "ஊத்தினது, ராத்தா, ஊத்தினது" என்று மேலிருந்து குரல் கொடுப்பான்.

பதினோராவது கேள்விக்கு முதல் பதில் எழுதியவரும் அவர்தான். நான்கு மொழியில் கேட்டிருந்தும் தமிழில் எழுதினார்: 'இல்லை. இரத்தம் எடுக்கிற அண்ணாச்சியிடமும் கேட்கவும்.' அந்தப் படிவம் கோப்பில் இருக்கிறது. செல்போன்காரர்கள் பார்க்க விரும்பினால் சாவந்த் எடுத்துத் தருவான். பத்துக் கேள்விக்குத்தான் இடம் என்றால், நோயாளியின் பொழுதுபோக்கு என்ன என்று ஏழாவதாக ஒன்று இருக்கிறது. அதை எடுக்கலாம்.

மாற்றிக் கொடுத்த புது மருந்து முடியைக் கொட்ட வைக்கவில்லை. ஆறு மாதத்தில் முளைக்க ஆரம்பித்தது. முன்பு நேரான முடி, இப்போது சுருட்டை. ஒரு நாள் தொப்பியை ஒரு விரல் உயர்த்தி, காதுக்கு மேலே மட்டும் எனக்குக் காட்டினார். "மாத்திரை இல்லாம" என்றார். பிறகு என் தலையைப் பார்த்துவிட்டு ஊசிக்குக் கையை நீட்டினார்.

மூன்றாம் வருஷம் எண் மறுபடி ஏறியது. 64, 150, 390. தண்ணி ஊத்திப் பார்த்த எண்கள். டாக்டர் வைதேகி மூன்றையும் பேனாவால் எழுதினார். அந்தக் குளிர்காலத்தில் ராத்தா வீட்டிலேயே இறந்தார். அடக்கம் செய்யுமுன் உடலைக் குளிப்பாட்டிய பெண்கள், இஸ்லாமிய வழக்கப்படி, முடியை மூன்று சடையாகப் பின்னினார்கள் என்று ஷமீமா சொன்னாள்.